வண்டியில் இடமில்லை



ஊர் சுற்றிப் பார்ப்பதில் குற்றமொன்றும் இல்லை. இறைவன் படைத்த மலையையும் ஆற்றையும், மனிதன் எழுப்பிய கோட்டையையும் கோயிலையும் கண்டு மகிழ்வதும் நன்றி செலுத்துவதன் ஒரு வகையே ஆகும். நம் முன்னோர் கால்நடையாகவும் கூண்டு வண்டியிலும் நாள்கணக்கில் சென்று கண்டவற்றை, இன்று நாம் குளிர்சாதன வண்டியில் சாய்ந்தபடியே சென்று இரண்டு மூன்று நாள்களில் கண்டு திரும்பிவிடுகிறோம். அந்த வசதியைப் பழிப்பதற்காக நான் இதனை எழுதவில்லை. நானும் அதனை விரும்பி அனுபவித்தவனே. ஆனால் அந்த வசதியான இருக்கையில் அமர்ந்திருந்தபோது நான் செய்யாமல் விட்ட காரியம் ஒன்று சில மாதங்களாக என் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருக்கிறது. அதனை இப்பக்கத்தில் உங்களிடம் சொல்லிவிடுவதே நலம் என்று கருதுகிறேன்.

கள்ளக்குறிச்சிப் பகுதியிலுள்ள எங்கள் பங்கைச் சேர்ந்த மூன்று குடும்பத்தார் பள்ளி விடுமுறையில் ஒரு சுற்றுலாவுக்கு ஏற்பாடு செய்து, என்னையும் உடன் வருமாறு அன்புடன் அழைத்தனர். வெகுதொலைவு போக வேண்டியதில்லை. நம்மைச் சுற்றியுள்ள பழம்பெரும் ஊர்களையே நாம் பார்த்ததில்லை. அவற்றைப் பார்ப்போம் என்று முடிவாயிற்று. முதல் நாள் திருக்கோவலூரும் செஞ்சியும், இரண்டாம் நாள் புதுச்சேரியும் கோணான்குப்பமும், மூன்றாம் நாள் கல்வராயன் மலை. பதினேழு பேர் அமரக்கூடிய புத்தம்புதிய வேன் ஒன்று வாடகைக்கு வந்தது. ஓட்டுநர் நீங்கலாக நாங்கள் பதின்மூவர். எஞ்சிய நான்கு இருக்கைகளில் பைகளும், போர்வைகளும், முறுக்கும் அதிரசமும் அடைத்த தகர டப்பாக்களும் வீற்றிருந்தன. இந்தக் கணக்கை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் தேவைப்படும்.

திருக்கோவலூர் தென்பெண்ணையாற்றங்கரையில் உள்ள தொன்மையான ஊர். சங்க காலத்தில் மலையமான் திருமுடிக்காரி ஆண்ட நாட்டின் தலைநகர் இது. பறம்பு மலைத் தலைவன் பாரி மாண்டபின், அவன் மகளிரை அழைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்த புலவர் கபிலர், இறுதியில் உயிர் துறந்த இடமும் இதுவே என்பர். ஆற்றின் நடுவே நிற்கும் பாறைக்குக் கபிலர் குன்று என்றே பெயர். கபிலர் பாரியின் மகளை மலையனுக்கு மணமுடித்துக் கொடுத்தபின் உயிர் நீத்த செய்தியை இவ்வூர் வீரட்டேசுவரர் கோயிலில் உள்ள சோழர் காலக் கல்வெட்டும் கூறுகிறது. நண்பனின் பிள்ளைகளுக்கு ஓர் இடம் தேடிக் கொடுத்துவிட்டே சாவேன் என்று அலைந்த அம்மனிதரை நினைத்தபடி சற்று நேரம் கரையில் நின்றோம்.

அவ்வூரின் உலகளந்த பெருமாள் கோயிலைக் குறித்து வைணவப் பெரியோர் வழங்கிவரும் செய்தி ஒன்று உண்டு. குருமடத்தில் எங்களுக்குத் தமிழ் கற்பித்த பேராசிரியர் அதனைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். வேனில் இருந்த சிறுவர்களுக்கு நான் அதனைச் சொன்னேன். ஓர் இரவு பெருமழை. பொய்கையாழ்வார் இவ்வூரில் ஒரு வீட்டின் இடைகழியில் ஒதுங்கிப் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் மழையில் நனைந்து வந்து இடம் கேட்டார். ஒருவர் படுக்கும் இடத்தில் இருவர் இருக்கலாம் என்று எழுந்து அமர்ந்து இடங்கொடுத்தார் பொய்கையார். பின்னர் பேயாழ்வார் வந்தார். இருவர் இருக்கும் இடத்தில் மூவர் நிற்கலாமே என்று மூவரும் எழுந்து நின்றனர். அப்போது நான்காவதாக யாரோ நெருக்குவது போல் உணர்ந்தனர். அவரே தாங்கள் தேடிய இறைவன் என்று கண்டனர் என்பது வரலாறு. நம் ஆண்டவர் தமது பெயரால் இருவர் மூவர் கூடுமிடத்தில் தாமும் இருப்பதாக வாக்களித்ததை இக்கதை எனக்கு எப்போதும் நினைவூட்டும். சிறுவர்கள் வியப்புடன் கேட்டார்கள். நானும் நன்றாகச் சொல்லிவிட்டதாக எண்ணிப் பெருமைப்பட்டேன்.

பிற்பகல் செஞ்சியை அடைந்தோம். இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை வளைத்துக் கட்டிய அக்கோட்டையின் மதில்களைக் காண்போர் திகைத்து நிற்பர். 1677இல் சிவாசி இதனைக் கைப்பற்றினார். அவர் மகன் இராசாராம் இதனுள் தங்கியிருந்தபோது, மொகலாயர் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டுத்தான் இதனைப் பிடிக்க முடிந்தது. 1714இல் இராசா தேசிங்கு இளம் வயதில் போரில் மாண்டான். 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1761இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 2025ஆம் ஆண்டு சூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராத்தியரின் பன்னிரண்டு கோட்டைகளை உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தபோது, மராட்டிய மாநிலத்துக்கு வெளியே இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சியே. ஓரிரவில் கட்டி முடிக்கக்கூடிய மதிலா அது? எத்தனை கூலியாட்கள் அக்கற்களைச் சுமந்தனரோ! அவர்களுள் ஒருவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை.

எங்களுள் பெரியவர் ஒருவர் குன்றில் ஏற மறுத்துவிட்டார். வேனின் குளிர்ச்சி போய்விடுமே என்று எஞ்சினை அணைக்கவும் விடவில்லை. “இங்கிருந்தே கோட்டை நன்றாகத் தெரிகிறது, சாமி” என்றார். நாங்கள் சிரித்தோம். அவர் கண்ணாடி வழியாகவே செஞ்சியைப் பார்த்து முடித்தார். மறுநாள் மாலைக்குள் நாங்கள் அனைவரும் ஏறக்குறைய அவ்வாறே பார்க்கப் பழகிவிட்டோம் என்பதை இப்போது உணர்கிறேன்.

இரண்டாம் நாள் புதுச்சேரியில் மிஷன் வீதியிலுள்ள பேராலயத்தில் திருப்பலி நிறைவேற்றினோம். மக்கள் அதனைச் சம்பா கோயில் என்பர். இப்போதுள்ள கட்டடம் 1791இல் முடிவுற்றது. அதற்கு முன்பிருந்த கோயில், ஆங்கிலேயர் 1761இல் நகரை இடித்துத் தரைமட்டமாக்கியபோது அழிந்தது. அந்தப் பழைய கோயிலைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை தமது நாட்குறிப்பில் 1745ஆம் ஆண்டு அக்டோபரில் எழுதியுள்ள செய்தியை நாம் மறக்கலாகாது. கோயிலுக்குள்ளேயே வடபுறத்தில் ஒரு சுவர் எழுப்பி, தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களை ஒரு பக்கமும் மற்றவர்களை மறுபக்கமும் அமர்த்தியிருந்தனர். தாங்களும் சீடர்கள்தாமே என்று ஒதுக்கப்பட்டோர் சென்று முறையிட, குருக்கள் அச்சுவரை இடித்துப் போட்டனர். அதனால் மற்றவர்களிடையே பெரும் சலசலப்பும் எழுந்தது.

செங்கற்சுவர் அன்றே இடிந்தது. ஆனால் அது மனத்திலிருந்து இடிந்ததா? கள்ளக்குறிச்சி மாவட்டத்திலுள்ள எறையூரில் 2008ஆம் ஆண்டு மார்ச்சில் நம்மவருக்குள்ளேயே மூண்ட சாதிப் பூசலில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரண்டு உயிர்கள் பலியானதை நாம் அறிவோம். ஒரே அப்பத்தைப் பகிர்ந்துண்ணும் மக்கள் தெருவையும் கல்லறையையும் பகிர்ந்துகொள்ள மறுக்கும் நிலை இன்றும் சிற்சில ஊர்களில் உண்டு. பேராலயத்தின் தூண்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தவர்களிடம் நான் இதனைச் சொன்னேன். அனைவரும் தலையசைத்தனர்.

திரும்பும் வழியில் கோணான்குப்பம் பெரியநாயகி அன்னையின் திருத்தலத்தில் இறங்கினோம். இத்தாலி நாட்டில் 1680இல் பிறந்து, 1710இல் இந்தியா வந்து, 1747இல் இறக்கும்வரை தமிழுக்கும் மறைக்கும் உழைத்த வீரமாமுனிவர் எழுப்பிய கோயில் அது. அங்கே தேவ அன்னை தமிழ்ப் பெண்ணாகச் சேலையுடுத்திக் காட்சியளிக்கிறார். அந்நிய நாட்டிலிருந்து வந்தவர், தமது தாய்நாட்டுப் பழக்கத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, நம் மொழிக்கும் உடைக்கும் திருக்கோயிலில் இடம் தந்தார். எங்கள் பங்குப் பெண்கள் நெடுநேரம் முழந்தாளிட்டுச் செபித்தனர். அன்றிரவு அனைவரும் மனநிறைவோடு வீடு திரும்பினோம்.

மூன்றாம் நாள் கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைக் கடந்து கல்வராயன் மலையில் ஏறினோம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான இம்மலையைச் சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு பிரிவாகச் சொல்வர். வடபாலுள்ள சின்னக் கல்வராயன் ஏறத்தாழ 2,700 அடி உயரமும், தென்பாலுள்ள பெரிய கல்வராயன் ஏறத்தாழ 4,000 அடி உயரமும் உடையவை. சாமையும் தினையும் விளையும், மரவள்ளி பயிராகும், காட்டில் கடுக்காய் கிடைக்கும். இங்கு வாழும் மலையாளி இனத்தவர் மலையை ஆள்வோர் என்னும் பொருளில் அப்பெயர் பெற்ற தமிழ் மக்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வர்.

மலையை ஆள்வோர் என்பது பெயரளவிலேயே இருந்தது. நெடுங்காலம் இம்மலை சாகீர்தார்களின் ஆட்சியில் இருந்தது. மக்கள் அவர்களுக்கு வரி கொடுத்ததோடு, கூலியில்லாத வெட்டி வேலையும் செய்யவேண்டியிருந்தது. நாடு 1947இல் விடுதலை பெற்றது. மலைமேல் அந்த ஆதிக்கம் நீங்கி அரசின் நேரடி நிருவாகம் வந்ததோ 1976இல். கள்ளக்குறிச்சி 2019ஆம் ஆண்டு நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. 2024ஆம் ஆண்டு சூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட துயரத்தை அடுத்து, சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைக் குறித்து வழக்கெடுத்து, அடிப்படை வசதிகளைப் பற்றி அரசிடம் கேள்வி எழுப்பியது. அம்மலை மக்களுக்குச் சாலை என்பது பள்ளி, மருத்துவமனை, சந்தை ஆகிய மூன்றுக்கும் உரிய ஒரே வாசல். எங்களுக்கு அது வளைந்து வளைந்து செல்லும் அழகான காட்சி.

நாங்கள் பெரியார் அருவியில் நீராடினோம். மேகம் அருவிக்கு நடந்து செல்ல வேண்டும் என்று கேள்விப்பட்டதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. வெள்ளிமலையில் தேநீர் அருந்திவிட்டு, மாலையில் இறங்கத் தொடங்கினோம். நல்ல குளிர். சிறுவர்கள் உறங்கிவிட்டனர். நான் ஓட்டுநருக்கு அருகில் முன்னிருக்கையில் இருந்தேன்.

ஒரு வளைவைக் கடந்ததும், சாலையோரத்தில் மூவர் நிற்பதைக் கண்டோம். ஒரு மனிதர், அவர் மனைவி போலும் ஒரு பெண், மைல்கல்லின் மேல் அமர்ந்திருந்த ஒரு மூதாட்டி. அம்மனிதர் கையை உயர்த்தி வண்டியை நிறுத்துமாறு சைகை செய்தார். ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். குறைத்துவிட்டு, கண்ணாடியில் பின்னால் இருந்தவர்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாடகைக்கு எடுத்தவர்களின் அனுமதியின்றி அவர் யாரையும் ஏற்ற முடியாதல்லவா? பின்னிருக்கையிலிருந்து ஒரு குரல், “இடமில்லை, போங்க” என்றது.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

இடமில்லை என்று நானும் நம்பினேனா? இல்லை. பின்னால் நான்கு இருக்கைகளில் பைகளும் டப்பாக்களும் இருந்தன என்பது எனக்குத் தெரியும். வாடகை அவர்கள் கொடுத்தது, நான் விருந்தினன், நான் எப்படிச் சொல்வது என்று ஓர் எண்ணம். முன்பின் தெரியாதவர்கள் ஆயிற்றே என்று ஓர் எண்ணம். இந்தக் குளிர்ச்சியும் அமைதியும் கலைந்துவிடுமே என்றும் ஓர் எண்ணம் இருந்தது; அதனையும் மறைக்கமாட்டேன். இவையெல்லாம் ஒரு நொடியில் மனத்தில் ஓடி முடிந்தன. என் மௌனத்தை உத்தரவாக எடுத்துக்கொண்டு ஓட்டுநர் வண்டியைச் செலுத்தினார்.

கோமுகி அணையில் இறங்கினோம். கதிரவன் மறையும் காட்சி அழகாயிருந்தது. முக்கால் மணி நேரம் படம் எடுத்தோம், அதிரசம் தின்றோம். அப்போது ஓட்டுநர் என் அருகே வந்து, தணிந்த குரலில், “சாமி, அந்தப் பாட்டி காலிலே பெரிய கட்டு போட்டிருந்துச்சு. ஆசுபத்திரிக்குத்தான் நின்னாங்கபோல” என்றார். அவர் என்னைக் குறை கூறவில்லை. கண்டதைச் சொன்னார். அவர் கண்ட கட்டை அருகிலிருந்த நான் காணவில்லை.

நான் உடனே வண்டியைத் திருப்பச் சொன்னேன். சிலர் முகம் சுளித்தாலும் ஒருவரும் மறுக்கவில்லை. பைகளை மடியில் வைத்துக்கொண்டு, டப்பாக்களைக் காலடியில் தள்ளிவிட்டு, இருட்டில் மீண்டும் மலையேறினோம். நான்கு இருக்கைகளும் காலியாயின. இரண்டு நிமிட வேலை அது. அந்த மைல்கல்லை அடைந்தபோது அங்கே ஒருவரும் இல்லை. சற்றுத் தள்ளியிருந்த பெட்டிக்கடைக்காரரை விசாரித்தோம். மரவள்ளி மூட்டை ஏற்றிய சிறு சரக்கு வண்டி ஒன்று வந்ததாம். முன்னால் ஏற்கெனவே இருவர் இருந்தனராம். அவர்கள் இறங்கி மூட்டைகளின் மேல் ஏறிக்கொண்டு, பாட்டியை முன்னிருக்கையில் அமர்த்தினார்களாம். “எப்படியோ நெருக்கிக்கிட்டுப் போயிட்டாங்க, சாமி” என்றார் கடைக்காரர்.

திருக்கோவலூரில் நான் சிறுவர்களுக்கு வாய் இனிக்கச் சொன்ன கதை அந்த மலைச்சாலையில் என் கண் படாத வேளையில் நடந்து முடிந்திருந்தது. நான் அந்த இடைகழியில் இல்லை. நான்காவதாக வந்து நெருக்கியவரும் அந்தச் சரக்கு வண்டியில் ஏறிப் போயிருப்பார் என்றே நம்புகிறேன். அம்மூதாட்டிக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்பதை இன்றுவரை அறியேன்.

வாசகர்களே, பெத்லகேமில் இடமில்லை என்று சொன்ன சத்திரக்காரரை ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் மறையுரையில் நாம் கடிந்துகொள்கிறோம். அவருடைய சத்திரம் ஒருவேளை உண்மையிலேயே நிறைந்திருந்திருக்கலாம். குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டும் விலகிச் சென்ற குருவையும் லேவியனையும் பற்றி நானே எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அந்தக் குரு அவனை அடிக்கவில்லை; திட்டவில்லை; வழியே போனார், அவ்வளவுதான். திருப்பலியின் தொடக்கத்தில் நாம் அறிக்கையிடும் பாவங்களுள் கடைசியாக வருவது கடமையில் தவறியது. அது கடைசியில் வருவதால் விரைவாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். இப்போது அவ்விடத்தில் சற்று நிறுத்தியே சொல்கிறேன்.

முன்பின் அறியாதவர்களை வண்டியில் ஏற்றுவது ஆபத்து இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. தனியே செல்லும் பெண்ணோ, நள்ளிரவில் குழந்தைகளோடு செல்வோரோ எச்சரிக்கையாய் இருப்பதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நாங்கள் ஓட்டுநரோடு பதினான்கு பேர். அவர்கள் மூவர், அவர்களுள் ஒருவர் நடக்க முடியாத மூதாட்டி. எங்களைத் தடுத்தது அச்சம் என்று சொன்னால் அது பொய்யாகும். ஏற்ற இயலாத நிலையிலும் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, என்ன வேண்டும் என்று கேட்பதற்கு எந்த ஆபத்தும் இல்லை. அவசர ஊர்தியை அழைப்பதற்கு 108 என்னும் எண் எல்லாருக்கும் தெரியும். நாங்கள் அதனைக்கூடச் செய்யவில்லை.

அடுத்த ஞாயிறன்று திருப்பலிக்குப் பின் ஒரு சகோதரி என்னைக் காண வந்தார். கண் கலங்கியிருந்தது. “இடமில்லைன்னு சொன்னது நான்தான், சாமி” என்றார். “அம்மா, சொன்னது நீங்கள், கேட்டுக்கொண்டு சும்மா இருந்தது நான்” என்றேன். வேறொன்றும் பேசத் தோன்றவில்லை. இருவரும் சற்று நேரம் கோயில் வாசலில் நின்றோம்.

அவர் வீட்டில் ஒரு கார் உண்டு. எங்கள் பங்கின் கிளைக் கிராமம் ஒன்றிலிருந்து இரண்டு விதவைத் தாய்மார் ஞாயிறுதோறும் மூன்று கிலோமீட்டர் நடந்து திருப்பலிக்கு வருவர். பல ஆண்டுகளாக அந்தக் கார் அவர்களைக் கடந்தே வந்துகொண்டிருந்தது. இப்போது அவர்களை ஏற்றிக்கொண்டு வருகிறது. அக்குடும்பத்தின் இரு பிள்ளைகளும் பின்னிருக்கையில் அம்மாக்களின் இருபுறமும் நெருங்கி உட்கார்ந்து வருகின்றனர். கடந்த வாரம் கோயில் வாசலில் இறங்கும்போது, சட்டை கசங்கிவிட்டது என்று சின்னவன் முறையிட்டான். கசங்கட்டும் என்றேன்.

அடுத்த விடுமுறையில் நீங்களும் எங்கேனும் செல்வீர்கள். செல்லுங்கள், செஞ்சியைப் பாருங்கள், சம்பா கோயிலில் செபியுங்கள், கல்வராயன் மலையின் காற்றை அனுபவியுங்கள். புறப்படும் முன்பு வண்டியில் இருக்கைகள் எத்தனை, ஆட்கள் எத்தனை என்று ஒருமுறை எண்ணிக்கொள்ளுங்கள். வழியில் ஓட்டுநர் கண்ணாடியில் உங்கள் முகத்தைப் பார்க்கும்போது பதில் சொல்லத் தாமதியாதீர்கள்.